ஃபிர்மின் விற்ற பந்தயம்

பெண்கள் ஓட்டுகிற சைக்கிள் பந்தயத்தை ஃபிர்மின் ஹெய்லெ ஒருநாளும் பந்தயம் என்று ஒப்புக்கொண்டதில்லை. ஆண்கள் அணியின் காரை இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர். அந்த அணி அவர் கையில் ஒரு கடிகாரத்தைக் கொடுத்து, முதுகில் தட்டி, வாசலைக் காட்டியபின், வேறு போக்கிடம் இல்லாமல்தான் இறால் குரோக்கெட், அதாவது இறால் வைத்துப் பொரித்த உருண்டை, செய்கிற கம்பெனி நடத்துகிற பெண்கள் அணிக்கு இயக்குநராக வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? “பட்டுக்கடையில உக்காந்தவனைப் பழந்துணி விக்க விட்டுட்டாங்க” என்று ஊடெனார்ட ஊரில் ஒரு மதுக்கடை விடாமல் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவரே சைக்கிள் ஓட்டிய காலத்தில் ஜெயித்தது மொத்தம் இரண்டு பந்தயம். அதில் ஒன்றில், முன்னால் போனவன் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டான். இந்த விவரம் மட்டும் எந்த மதுக்கடைக்கும் போய்ச் சேரவில்லை.

கம்பெனியின் சொந்தக்காரி மேடம் டெ ரெய்கெ. புருஷன் விட்டுப்போன ஒற்றை அடுப்பை நாலு தொழிற்சாலையாக்கியவள். சைக்கிளைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சரக்கு நகரவில்லை என்றால் முதலில் மாற்றவேண்டியது கல்லாவில் இருக்கிற ஆளை என்பது தெரியும். திங்கட்கிழமை ஃபிர்மினைக் கூப்பிட்டு, காப்பிகூடக் கொடுக்காமல் சொல்லிவிட்டாள்.

“மார்ச் முடியறதுக்குள்ள ஒரு ஜெயிப்பு வேணும். இல்லேன்னா ஏப்ரல்ல இருந்து ஸ்டீயரிங் பெர்லின்டெ கையில. நீங்க அலுவலகத்துல உக்காந்து ஓட்டல் அறை பதிவு பண்ணுங்க.”

பெர்லின்டெ அணியின் மெக்கானிக். கார் பின்சீட்டில் மாற்றுச் சக்கரங்களை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். இயக்குநர் தேர்வு எழுதித் தேறி மூன்று வருடம் ஆகிறது. அந்தச் சான்றிதழைப் பற்றி அவள் பேச்செடுத்தபோதெல்லாம் ஃபிர்மின், “அதைச் சட்டம் போட்டு உங்க அம்மா வீட்டுச் சமையலறையில மாட்டு” என்பார்.

மார்ச்சில் மிச்சம் இருந்தது இரண்டே பந்தயம். புதன்கிழமை ஒரு சின்னது, ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரியது. ஃபிர்மின் தம் வழக்கப்படி ஒரு கணக்குப் போட்டார். மிதிப்பது பெண்கள் வேலை, பேரம் பேசுவது தம் வேலை.

புதன்கிழமை காலை, ஓட்டக்காரிகள் கையெழுத்துப் போடுகிற மேடைக்குப் பின்னால் வரிசையாக நிறுத்தியிருந்த பிளாஸ்டிக் கழிப்பறைகளின் முன் காத்து நின்றபோது, அவருக்கு முன்னால் நின்றவன் ஆர்சேன். குளியலறை ஓடு விற்கிற கம்பெனியின் அணிக்கு இயக்குநர். நாற்பது வருடப் பழக்கம். அதில் முப்பது வருடம் ஒருவரையொருவர் ஏமாற்றியதில் போயிற்று.

“இன்னைக்குப் பந்தயம் முடியறது எங்க முதலாளி ஊர்லடா” என்றான் ஆர்சேன். “என் டச்சுக்காரி ஜெயிக்கணும். அந்தாளு மேயரையெல்லாம் கூப்பிட்டு வச்சிருக்கான்.”

“ஜெயிக்கட்டுமே. என் பொண்ணுங்க ஒருத்தியும் முன்னாடி போகமாட்டா. ஞாயித்துக்கிழமை உன் ஆளுங்க எங்க அணியோட முதல் ஓட்டக்காரி லோரேக்கு முன்னாடி போய்க் காத்துத் தடுத்து ஓட்டணும். கடைசி மேடு வரைக்கும்.”

“கடைசி மேடு வரைக்கும்லாம் முடியாது. அதுக்கு முந்தின மேடு வரைக்கும்.”

“டேய், உனக்கு மேயரே வர்றாருடா.”

“சரி, கடைசி மேட்டு அடிவாரம் வரைக்கும். அதுக்கு மேல உன் லோரே பாடு.”

கை குலுக்கினார்கள். உள்ளே இருந்தவன் வெளியே வந்தான். ஆர்சேன் உள்ளே போனான். ஒப்பந்தம் முடிந்தது. எட்டுப் பெண்கள் ஒரு குளிர்காலம் முழுக்கச் சேற்றிலும் மழையிலும் சேர்த்து வைத்த மூச்சை, ஒரு கழிப்பறைக் கதவு திறந்து மூடுகிற நேரத்துக்குள் விற்றாகிவிட்டது. கேட்டால் ஃபிர்மின் சொல்வார்: “இதுக்குப் பேருதான் அனுபவம்.”

அணிக்கூட்டத்தில் பெண்களிடம் அவர் சொன்னது வேறு. “இன்னைக்குக் காலைச் சேமிங்க. ஞாயித்துக்கிழமைதான் நமக்குக் கல்யாணம்.” காரணம் யாரும் கேட்கவில்லை. ஒன்பது வருடமாக மற்றவர்களுக்குத் தண்ணீர் சுமக்கிற ஹெட்விக் மட்டும், “என் காலைச் சேமிச்சு யாருக்குத் தரப்போறீங்க?” என்று கேட்டாள். முப்பத்துநாலு வயது. ஒரு பந்தயத்திலும் முதலாவதாக வந்ததில்லை. ஃபிர்மின் அவளை ‘தண்ணி லாரி’ என்றுதான் குறிப்பிடுவார், அதுவும் அவள் காதுபட.

மேடம் டெ ரெய்கெ பந்தயத்தைப் பார்க்கவேண்டும் என்று காரிலேயே ஏறிக்கொண்டாள். பெர்லின்டெக்குப் பக்கத்தில், இரண்டு சக்கரங்களுக்கும் ஒரு குளிர்பெட்டிக்கும் நடுவே, மடியில் கைப்பையோடு. ஓட்டக்காரிகளுக்குப் பின்னால் போகிற கார் வரிசையில், குலுக்கலில் அவர்கள் காருக்கு விழுந்த இடம் பதினாலு. பதினாலாவது காரிலிருந்து பார்த்தால் பந்தயம் என்பது பதின்மூன்றாவது காரின் பின்பக்கம்.

“எங்க ஓட்டறாங்க?” என்று ஒரு மணி நேரம் கழித்து மேடம் கேட்டாள்.

“முன்னாடி, மேடம்.”

“எப்பத் தெரியும்?”

“யாராவது விழுந்தா தெரியும், மேடம்” என்றாள் பெர்லின்டெ.

ஃபிர்மின் ஒரு கையில் ஸ்டீயரிங், ஒரு கையில் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி, முழங்காலில் மைக் என்று ஓட்டிக்கொண்டிருந்தார். எதிர்க்காற்று. பெண்கள் கூட்டம் கூட்டமாக, சந்தைக்குப் போகிற வேகத்தில் போனார்கள். எல்லாம் பேசியபடி நடந்தது. அவருக்குப் பாட்டு வந்தது, பாடினார். மேடம் ஜன்னலைத் திறந்துகொண்டாள்.

எழுபதாவது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னால், ரேடியோவில் ஹெட்விக்கின் குரல் வந்தது.

“தலைவரே, அடுத்த ஊர் எங்க வீட்டுக்காரர் ஊரு. எல்லாரும் வந்து நிக்கிறாங்க. முன்னாடி போய்ப் பாத்துக்கட்டுமா?”

இது பழைய வழக்கம். பந்தயம் ஒருத்தியின் ஊர் வழியாகப் போனால், கூட்டம் அவளை அரை நிமிடம் முன்னால் விடும். அவள் போய் நிற்பாள், பிள்ளைகளை முத்தமிடுவாள், யாராவது ஒரு வாய் பீர் ஊட்டுவார்கள், கூட்டம் வந்ததும் மறுபடி சேர்ந்துகொள்வாள். இதைத் தடுப்பவன் மனுஷன் இல்லை என்பது அங்கே உள்ள எண்ணம். மனுஷன் என்று பேரெடுக்கச் செலவில்லாத வாய்ப்பு கிடைத்தால் ஃபிர்மின் விடுவாரா?

“போம்மா, போ! மாமியாருக்கு என் சார்பா ஒரு முத்தம் குடு!” என்றார், மேடத்துக்குக் கேட்கும்படி. பிறகு பக்கத்தில் ஓடிய ஆர்சேனின் காரைப் பார்த்து ஜன்னல் வழியாகக் கத்தினார்: “என் தண்ணி லாரி வீட்டுக்குப் போய்ட்டு வருது! உன் ஆளுங்ககிட்டச் சொல்லு!”

ஆர்சேன் கட்டைவிரலைக் காட்டினான். முன்னால் டச்சுக்காரியும் தலையாட்டியிருக்கிறாள். ஹெட்விக் போனாள்.

ஊருக்குள் கார்கள் நுழைந்தபோது ஒரே கொண்டாட்டம். பேண்டு வாத்தியம், பலூன், ஹெட்விக் பெயர் எழுதிய படுக்கை விரிப்பு. பெண்கள் கூட்டம் சிரித்தபடி மெல்லக் கடந்து போயிருந்தது. ஜனத்துக்கு நடுவில் எங்கேயோ ஹெட்விக் யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பின்னால் வந்து சேர்ந்துகொள்வாள் என்று அத்தனை பேரும் நினைத்தார்கள். எண்பது சைக்கிள்காரிகள், இருபது கார்கள், ஒருவருக்குக்கூட எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை.

விரிப்புக்குப் பக்கத்தில், தட்டில் ஒரு பெரிய அரிசிக் கேக்கை ஏந்தியபடி ஒரு பருத்த அம்மாள் முகம் சிவந்து நின்றாள். ஃபிர்மின் காரை மெதுவாக்கி, தலையை வெளியே நீட்டினார்.

“எங்க உங்க மருமக?”

“மருமகளா! நிக்கவே இல்லையே! காலைல அஞ்சு மணிக்கு எழுந்து சுட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல! தலையைக் குனிஞ்சுக்கிட்டு விர்ருன்னு போய்ட்டா! புள்ளைங்க அழுவுது!”

“போய்ட்டாளா? எங்க?”

“எனக்கென்ன தெரியும்? உங்க ஆளுதானே!”

கேக்கைக் காருக்குள் தள்ளிவிட்டு அந்த அம்மாள் பின்வாங்கினாள். அது மேடத்தின் மடியில் வந்து சேர்ந்தது.

இந்த இடத்தில் ஃபிர்மின் ஆர்சேனுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் என்ன செய்தார்? சிரித்தார்.

“ஏதாவது புதருக்குப் பின்னால ஒதுங்கியிருப்பா. குளிருக்கு வரும்” என்றார்.

“ஹெட்விக்கா?” என்றாள் பெர்லின்டெ.

“பின்ன? அவ தனியா ஓட்டப் போறாளாக்கும்! அந்த வண்டிக்கு முன்னாடி கியரே கிடையாதும்மா.”

நாலு கிலோமீட்டர் கழித்துப் பந்தய வானொலி கரகரத்தது. எழுபத்தாறாம் எண், தனியாக முன்னால், இரண்டு நிமிடம் ஐம்பது வினாடி.

ரொட்டி ஃபிர்மினின் கையிலிருந்து பிரேக்கின் மேல் விழுந்தது.

“எழுபத்தாறு யாரு?” என்று மேடம் கேட்டாள்.

“நம்ம ஹெட்விக், மேடம்” என்றாள் பெர்லின்டெ. “நாம ஜெயிச்சுக்கிட்டு இருக்கோம்.”

முன்னால் கூட்டத்தில் நடந்ததை வானொலியே ஒப்பித்தது. டச்சுக்காரி மற்ற அணிகளைப் பார்த்தாள். மற்ற அணிகள் டச்சுக்காரியைப் பார்த்தன. ஓடு கம்பெனி விரட்டட்டும், அவர்கள் முதலாளி ஊர்தானே என்றார்கள் அவர்கள். தண்ணீர் சுமக்கிறவளை விரட்டி என் ஆட்கள் மூச்சை விடவேண்டுமா, தானாகக் கீழே விழுவாள் என்றாள் இவள். செலவை யார் தலையில் கட்டுவது என்று நின்றுகொண்டே பேசினால் சந்தையில் மீன் நாறும். அதுதான் நடந்தது. மூன்று நிமிடம் பத்து வினாடி.

ஆர்சேனின் கார் சீறிக்கொண்டு பக்கத்தில் வந்தது. கண்ணாடி இறங்கியது.

“என்னடா இது?”

“எனக்கு ஒண்ணும் தெரியாதுடா!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஃபிர்மின் சொன்னார்.

“மாமியாருக்கு முத்தமாடா? அவ முத்தம் குடுக்கிற மாதிரியா போறா? நிறுத்துடா அவளை!”

“நிறுத்தறேன், நிறுத்தறேன்.”

கார் விலகியது. “அவர் என்ன கேக்கறார்?” என்றாள் மேடம்.

“வாழ்த்து சொல்றார், மேடம்.”

“கோபமா சொல்றாரே.”

“அவர் பிறந்த பக்கம் அப்படித்தான் வாழ்த்துவாங்க.”

ஃபிர்மின் மைக்கை எடுத்தார். “ஹெட்விக், எதிர்க்காத்து. வீணாக் காலைக் கெடுத்துக்காதே. நில்லு, கூட்டத்தோட சேந்துக்கோ.”  மறுபடி சொன்னார். மூன்றாம் முறை கொஞ்சம் கத்தியே சொன்னார். இரைச்சல்தான் வந்தது.

“நிக்கச் சொல்றீங்களா?” என்று பின்னாலிருந்து மேடம் கேட்டாள். “முன்னாடி போறவளையா?”

“உத்தி, மேடம். ஞாயித்துக்கிழமைக்கு அவ தேவை. இதெல்லாம் வெளியில இருந்து பாக்கறவங்களுக்குப் புரியாது.”

“ஞாயித்துக்கிழமை அவ என்ன செய்வா?”

“தண்ணி சுமப்பா.”

மேடம் மடியிலிருந்த கேக்கிலிருந்து ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். குரோக்கெட் விற்கிறவள் அடுத்தவள் பண்டத்தை நிதானமாகத்தான் ருசிப்பாள்.

நடுவர் அனுமதி கொடுத்ததும் ஃபிர்மின் கூட்டத்தைத் தாண்டிக் காரை விட்டார். இப்போது முன்னால் காரே இல்லை. வெறும் சாலை, இரண்டு பக்கமும் உழுத மண், நடுவில் ஒரு முதுகு. ஹெட்விக்கின் மூக்கிலிருந்து சளி ஒழுகிக் கன்னத்தில் காய்ந்திருந்தது. காதிலிருந்து கழற்றிய ரேடியோ தோளில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

ஃபிர்மின் காரை ஒட்டி ஓட்டினார். “நான் சொன்னது கேக்கலையா?”

“ரேடியோ வேலை செய்யல.”

“இப்ப நேராச் சொல்றேன். நில்லு!”

“காத்து பலமா இருக்கு, காதுல ஒண்ணும் விழல.”

“ஹெட்விக்! இன்னும் முப்பத்தாறு கிலோமீட்டர் இருக்கு! கல் சாலை இருக்கு, மேடு இருக்கு! நீ செத்துப் போவே!”

“இது மட்டும் கேட்டுச்சு” என்றாள் ஹெட்விக். “செத்தா நீங்க வண்டிய ஓரமா ஓட்டுங்க, மேல ஏத்திடாதீங்க.”

“உங்க மாமியார் அழறாங்க!”

“அழட்டும். பதினோரு வருஷமா நான் அழுதேன்.”

பின்சீட்டு ஜன்னலிலிருந்து பெர்லின்டெயின் கை நீண்டது. கையில் தண்ணீர்ப் புட்டி. ஹெட்விக் பிடித்துக்கொண்டாள். பெர்லின்டெ விடவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு வினாடி. கார் ஓடுகிற ஓட்டத்தில் புட்டியோடு ஹெட்விக்கும் இழுபட்டுப் போனாள்.

“விடும்மா! நடுவர் பாப்பார்!”

“பிசுபிசுன்னு ஒட்டிக்கிச்சு, தலைவரே.”

“நீங்க ஜெயிக்கணும்மா!” என்று மேடம் ஜன்னல் வழியாகக் கத்தினாள். வாயில் இருந்த கேக் கொஞ்சம் காற்றில் பறந்தது. “உங்க மாமியார் கேக் நல்லாயிருக்கு!”

“அது ஒண்ணுதாங்க நல்லாயிருக்கும்” என்றாள் ஹெட்விக், புட்டியை வாங்கிக்கொண்டு.

அதற்குப்பின் முப்பத்தாறு கிலோமீட்டரும் ஃபிர்மினுக்கு முள்ளின்மேல் இருந்த மாதிரிதான். இத்தனை வருடத்தில் முதல்முறையாக ஜெயிக்கிறவளுக்குப் பின்னால் கார் ஓட்டுகிறார். அதிலும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ‘இவள் இப்போது விழுவாள்’ என்று வேண்டிக்கொண்டே ஓட்டினார். கல் சாலையில் அவள் சக்கரம் துள்ளியபோது நம்பிக்கை வந்தது, பஞ்சர் ஆகவில்லை. மேட்டில் அவள் தோள்கள் இரண்டு பக்கமும் ஆடியபோது நம்பிக்கை வந்தது, ஆடிக்கொண்டே ஏறிவிட்டாள். பின்னால் டச்சுக்காரியின் ஆட்கள் ஒருவழியாக விரட்ட ஆரம்பித்திருந்தார்கள். இரண்டு நிமிடம். ஒன்றரை. ஐம்பது வினாடி. வானொலி சொல்லச் சொல்ல ஃபிர்மினின் முகம் மலர்ந்தது. கண்ணாடியில் அதை மேடம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“சந்தோஷமா இருக்கீங்க” என்றாள்.

“பதட்டம், மேடம். எனக்குப் பதட்டம் வந்தா அப்படித்தான் தெரியும்.”

கடைசிக் கிலோமீட்டரில் நடுவர்கள் காரை ஓரம் கட்டச் சொன்னார்கள். கடைசிக் கட்டத்தை மட்டும் காட்டுகிற நேரடி ஒளிபரப்பை மூவரும் பெர்லின்டெயின் கைபேசியில் பார்த்தார்கள். ஹெட்விக் கோட்டைத் தாண்டியபோது கையைத் தூக்கவில்லை, தூக்கத் தெம்பில்லை. பதினோரு வினாடி கழித்து டச்சுக்காரி வந்து ஹேண்டில்பாரில் குத்தினாள். மேயர், ஓடு கம்பெனி முதலாளியின் பக்கத்தில், யாருக்குக் கைதட்டுவது என்று தெரியாமல் தட்டினார். பெர்லின்டெ ஒரு சக்கரத்தைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

அணியின் பஸ் அருகே மேடம் ஃபிர்மினின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஊர் வழக்கத்தையே உத்தியாக்கின மூளை யாருடையது என்று கேட்டார்கள். ஃபிர்மின் மூக்கைச் சொறிந்துகொண்டு, “அனுபவம்னு ஒண்ணு இருக்கில்ல” என்றார். எவ்வளவு விரைவில் மனிதன் தான் தடுத்த வெற்றிக்குத் தகப்பனாகிவிடுகிறான்!

“மார்ச்சுக்குள்ள ஜெயிப்பு கேட்டேன், வந்துடுச்சு” என்றாள் மேடம். “காருக்குள்ள நீங்க பேசினது எனக்குப் புரியல. ஆனா சொன்ன சொல் சொன்ன சொல்தான். ஏப்ரலும் நீங்களே ஓட்டுங்க.”

அந்த நிமிடத்தில் ஃபிர்மின் வாயை மூடிக்கொண்டு பஸ்ஸுக்குள் ஏறியிருக்கலாம். ஆனால் ஆர்சேன் வந்துவிட்டான்.

“திருட்டுப் பயலே!” என்று தூரத்திலிருந்தே ஆரம்பித்தான். “கை குலுக்கிட்டு முதுகில குத்தினியேடா! ஊர்வழியாப் போற பொண்ணை வச்சு வழக்கத்தையே வித்துட்டியே! இனிமே உன்கூட எவன்டா பேசுவான்? உன் வாக்கு செல்லாக்காசுடா!”

ஃபிர்மினை எது வேண்டுமானாலும் சொல்லலாம். சோம்பேறி என்று சொல்லலாம், குடிகாரன் என்று சொல்லலாம், சிரித்துக்கொள்வார். பேரத்தில் வாக்குத் தவறியவன் என்று மட்டும் சொல்லக்கூடாது. பந்தயத்தில் வாங்கின பேர் ஒன்றும் இல்லாத மனிதனுக்கு அது ஒன்றுதான் சொத்து. அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

“யாருடா வாக்குத் தவறினவன்? நானா? காலைல உனக்கு வித்தேன், வித்தது வித்ததுதான்! ரேடியோவுல மூணு தடவை நிறுத்தச் சொன்னேன்! கார் ஓட்டிப் போய் நேருக்கு நேர் நில்லுன்னு கத்தினேன்! அவ காலை உடைக்கிறது ஒண்ணுதான் பாக்கி! ஞாயித்துக்கிழமைக்காக ஒரு ஜெயிப்பையே குழிதோண்டிப் புதைக்கப் பாத்தேன்டா உனக்காக! வேணும்னா பின்சீட்ல இருந்தவங்களையே கேளு, சாட்சி!”

சொல்லி முடித்து, சாட்சியைக் காட்டுவதற்காகத் திரும்பினார். சாட்சி அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

“ஆமாம்” என்றாள் மேடம் டெ ரெய்கெ, ஆர்சேனைப் பார்த்து. “இவர் சொல்றது அத்தனையும் நிஜம். நான் கேட்டேன். என் சரக்கை எனக்கே தெரியாம உங்களுக்கு வித்துட்டு, அது என் கைக்கு வராம பண்ண தலைகீழா நின்னார். நாணயமான மனுஷன்.”

ஆர்சேனின் கோபம் அடங்கிவிட்டது. ஃபிர்மினின் கையைப் பிடித்தான். “மன்னிச்சுக்கடா. நான் உன்னைத் தப்பா நினைச்சுட்டேன். நீ பாவம், முயற்சி பண்ணியிருக்கே. ஞாயித்துக்கிழமை பேச்சு மாறாது.”

“ஞாயித்துக்கிழமை இவர் கார்ல வரமாட்டார்” என்றாள் மேடம். “ஓட்டல் அறை பதிவு பண்ணிக்கிட்டு இருப்பார். பெர்லின்டெ ஓட்டுவா.”

 ஃபிர்மினின் கையை இன்னும் பிடித்துக்கொண்டிருந்த ஆர்சேன் ஒரு வினாடி யோசித்தான். பிறகு அந்தக் கையை, விலை படியாத கத்தரிக்காயைக் கூடையில் திருப்பிப் போடுகிறவனைப் போல விட்டுவிட்டு, பஸ்ஸின் அந்தப் பக்கம் சக்கரம் கழற்றிக்கொண்டிருந்த பெர்லின்டெயை நோக்கி நடந்தான்.

“பெர்லின்டெ, கண்ணு, நல்லாயிருக்கியா? உன்கூட ரெண்டு வார்த்தை பேசலாமா?”